பள்ளியை வைத்துப் புறநகரில் வீடு தேடுவது எப்படி? சென்னைப் பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

சென்னைப் புறநகர் அடுக்ககங்களின் விளம்பரத் தாள் எதைப் பிரித்தாலும், ரயில் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் மேலே முதல் வரியில் ஒரு பள்ளியின் பெயர் நிற்கும். பக்கத்தில் '5 நிமிடம்' என்று போட்டிருக்கும். தாம்பரம் முதல் கூடுவாஞ்சேரி வரையிலும், மேடவாக்கம் முதல் நாவலூர் வரையிலும், போரூர் முதல் பூந்தமல்லி வரையிலும் வீடு தேடும் இளம் பெற்றோர் பலர் அந்த ஒரு வரிக்காகவே சதுர அடிக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். கொடுத்த பணத்துக்கு எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பது பெரும்பாலும் வீடு பதிவான பிறகுதான் தெரிய வருகிறது. வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பள்ளியை எப்படிப் பார்ப்பது, பார்த்த பள்ளியை வைத்துப் பகுதியை எப்படிக் குறுக்குவது, கடைசியில் வீட்டுக்கு எவ்வளவு வரை போகலாம் என்பதை வரிசையாக இங்கே எழுதுகிறேன். வரிசை முக்கியம், படிகளை மாற்றிப் போட்டால் செலவு கூடும்.

முதல் படி: முகவரி எதைத் தரும் என்று தெரிந்துகொள்ளுதல்

அமெரிக்காவில் வசிக்கும் உறவினர்கள், "நல்ல ஸ்கூல் இருக்கிற ஏரியாவா பார்த்து வாங்கு" என்று தொலைபேசியில் சொல்லும்போது, அவர்கள் ஊரின் ஏற்பாட்டை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். அங்கே பெரும்பாலான ஊர்களில் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு. கோட்டுக்கு உள்ளே வீடு இருந்தால் பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் இடம் உண்டு, தெருவின் எதிர்ப்பக்கம் இருந்தால் வேறு பள்ளி. அதனால் அங்கே வீட்டின் விலையும் பள்ளியின் தரமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. இங்கே அந்தக் கயிறு கிடையாது. பள்ளியின் மதிலை ஒட்டியே வீடு வாங்கினாலும், தனியார் பள்ளி உங்கள் பிள்ளைக்கு இடம் தர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அண்ணன் அக்காள் படிக்கும் பள்ளி, பழைய மாணவர், முன்கூட்டியே விண்ணப்பித்தவர் என்று பள்ளிக்குப் பள்ளி ஒரு முறை இருக்கிறது. அதில் தூரம் ஏதோ ஓரிடத்தில் வந்தால் வரும், வராமலும் போகும்.

முகவரிக்குச் சட்டப்படி மதிப்புள்ள இடம் ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு நிலை வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிவடைந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்குப் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும். நலிவடைந்த பிரிவில் விண்ணப்பிப்போரின் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பங்கள் இடங்களை மிஞ்சினால் குலுக்கல் நடக்கும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், உங்கள் மனத்திலுள்ள பள்ளி அந்த வகையா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். 2025இல் மத்திய, மாநில அரசுகளுக்கு இடையிலான நிதித் தகராறால் இந்தச் சேர்க்கை வழக்கமான கோடைக்காலத்தில் தொடங்காமல் அக்டோபர் வரை தள்ளிப்போனது. தகுதி உள்ளவர்கள் கட்டாயம் விண்ணப்பியுங்கள். ஆனால் அந்த இடத்தை நம்பி 20 ஆண்டுக் கடன் வாங்காதீர்கள்.

ஆகவே பள்ளிக்கு அருகில் வீடு வாங்கும்போது நம் கைக்கு உறுதியாக வருவது பயண நேரம் ஒன்றுதான். பள்ளியில் இடம் தனியாகக் கிடைக்க வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் படிகள் தாமாகவே வரிசைப்படும்.

இரண்டாம் படி: எந்த வகைப் பள்ளி, எந்த வகுப்பு வரை

மாநிலப் பாடத்திட்டமா, சி.பி.எஸ்.இ.யா என்ற பேச்சு எல்லா வீடுகளிலும் நடக்கிறது. அதைத் தீர்த்து வைப்பது இக்கட்டுரையின் வேலையில்லை. ஆனால் வீடு பார்க்கப் புறப்படுவதற்கு முன்னால் கணவனும் மனைவியும் அதில் ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். ஏனென்றால் இரண்டும் புறநகரில் வேறு வேறு இடங்களில் அமைந்திருக்கின்றன. குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம், ஆவடி, அம்பத்தூர் போன்ற பழைய ரயில்வழிப் புறநகர்களில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, மெட்ரிகுலேசன், சி.பி.எஸ்.இ. என்று எல்லா வகையும் நடந்து போகும் தூரத்தில் கலந்து கிடக்கும். பழைய மாமல்லபுரம் சாலையிலும் வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையிலும் பிந்தைய ஆண்டுகளில் எழுந்த பெரிய வளாகப் பள்ளிகள் பிரதான சாலையை ஒட்டி இருக்கும். அவற்றுக்குப் பேருந்தில்தான் போக முடியும், பத்து வயதுப் பிள்ளை தனியே நடந்தோ மிதிவண்டியிலோ போக முடியாது.

வகையை முடிவு செய்யும்போது அரசுப் பள்ளியைப் பட்டியலில் சேர்க்காமல் விடுவது பெருந்தவறு என்பது என் கருத்து. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவச் சேர்க்கையிலும், 2021 முதல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. தொடக்கப் பள்ளியைத் தனியாரில் முடித்துவிட்டு ஆறாம் வகுப்பில் நல்ல அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றுவது இன்று கணக்குத் தெரிந்த பெற்றோர் சிலர் எடுக்கும் முடிவு. அதற்கு வீட்டுக்கு அருகில் அப்படி ஒரு பள்ளி இருக்க வேண்டும்.

மத்திய அரசு ஊழியர்கள் கேந்திரிய வித்யாலயாவை முதலில் பார்ப்பார்கள். தாம்பரம் விமானப்படை நிலையத்தையும் ஆவடியின் பாதுகாப்புத் துறை வளாகங்களையும் ஒட்டி அவை இருக்கின்றன. அங்கே முன்னுரிமை பெற்றோரின் பணியைப் பொறுத்தது. முதல் வகுப்புக்கு ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரை ஒதுக்கீடு 2022இல் நீக்கப்பட்டுவிட்டது. "எம்.பி. லெட்டர் வாங்கித் தருகிறேன்" என்று எவராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளி எந்த வகுப்பு வரை இருக்கிறது என்று பாருங்கள். எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை 14 ஆண்டுகள். அழகான கட்டடம், அன்பான ஆசிரியர்கள், ஐந்தாம் வகுப்போடு முடிந்துபோகும் மழலையர் தொடக்கப் பள்ளி என்றால், கடனில் பாதிகூட அடையாத காலத்தில் நீங்கள் மறுபடியும் பள்ளி தேடுவீர்கள்.

மூன்றாம் படி: காகிதத்தில் பள்ளியைப் படித்தல்

பட்டியலில் ஆறு ஏழு பள்ளிகள் சேர்ந்ததும் நேரில் போவதற்கு முன் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. நாட்டில் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு பள்ளிக்கும் யூடைஸ் எனப்படும் 11 இலக்க எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் எண் 33 என்று தொடங்கும். அந்த எண்ணை வைத்து மத்திய அரசின் இணையதளத்தில் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறைகள், கழிப்பறைகள் ஆகிய விவரங்களைப் பார்க்கலாம். மாணவர் எண்ணிக்கையை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றும், ஆறு முதல் எட்டு வரை 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றும் அளவு வைத்திருக்கிறது. பளபளக்கும் வரவேற்பறை கொண்ட பள்ளிகள் சில இந்தக் கணக்கில் தடுமாறுவதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள்.

சி.பி.எஸ்.இ. என்று பலகை வைத்திருக்கும் பள்ளியிடம் இணைப்பு எண்ணைக் கேளுங்கள். ஏழு இலக்க எண் இருக்கும். வாரியத்தின் தளத்தில் அதைத் தேடினால் எந்த வகுப்பு வரை, எந்த ஆண்டு வரை இணைப்பு என்று தெரியும். 'சி.பி.எஸ்.இ. முறையில்' என்று மட்டும் எழுதியிருந்தால் இன்னும் இணைப்பு வரவில்லை என்று பொருள் கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்பில் மாணவரின் பெயரை வாரியத்தில் பதிய வேண்டிய நாள் வரும்போது, அதுவரை சிரித்த முகத்தோடு இருந்த அலுவலகம் வேறு பள்ளியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும். இணைப்பு உள்ள பள்ளிகள் தங்கள் இணையதளத்தில் 'கட்டாய வெளிப்படுத்தல்' என்ற பக்கத்தை வைத்திருக்க வேண்டும் என்பது வாரியத்தின் விதி. அங்கீகாரச் சான்று, கட்டடப் பாதுகாப்பு, தீயணைப்புச் சான்று, மூன்றாண்டுத் தேர்வு முடிவுகள் எல்லாம் அதில் இருக்கும். தேதிகளைப் பாருங்கள்; காலாவதியான தீயணைப்புச் சான்றை அப்படியே ஏற்றி வைத்திருக்கும் பள்ளிகள் இருக்கின்றன.

மாநிலப் பாடத்திட்டப் பள்ளியாக இருந்தால் கட்டட உறுதி, கட்டட உரிமம், தீயணைப்பு, சுகாதாரம் ஆகிய நான்கு சான்றுகளையும் நேரில் கேட்கலாம். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் கூரைத் தீயில் இறந்த பிறகு இந்த மாநிலத்தில் எந்தப் பெற்றோரும் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. கட்டணத்தைப் பொறுத்தவரை, 2009ஆம் ஆண்டின் மாநிலக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு தனியார் பள்ளிகளுக்கு வகுப்புவாரியாகத் தொகை குறித்துத் தருகிறது. குழு குறித்த தொகை எவ்வளவு, பள்ளி கேட்கும் மொத்தத் தொகை எவ்வளவு, இடையிலுள்ள வித்தியாசம் எந்தப் பெயரில் வாங்கப்படுகிறது என்ற மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுத்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தேர்வு முடிவைப் படிப்பதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. '100 விழுக்காடு தேர்ச்சி' என்ற பதாகை பள்ளி வாசல்தோறும் தொங்கும். விழுக்காட்டை விட்டுவிட்டு ஆட்களை எண்ணுங்கள். எட்டாம் வகுப்பில் நான்கு பிரிவுகளும் பத்தாம் வகுப்பில் இரண்டே பிரிவுகளும் இருந்தால், நடுவில் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேருக்கு டி.சி. கொடுத்து அனுப்பினார்கள் என்று கேட்கத்தான் வேண்டும். சராசரியாகப் படிக்கும் பிள்ளையின் பெற்றோருக்கு இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. ஏனென்றால் அப்படி வெளியேற்றப்படும் பிள்ளைக்கு, நீங்கள் அந்தப் பள்ளிக்காக வாங்கிய வீடு எந்த உதவியும் செய்யாது. பிளஸ் ஒன்னில் எந்தெந்தப் பிரிவுகள் உண்டு, வணிகவியலுக்கு இடம் இருக்கிறதா, கணிதம் உயிரியல் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பில் எவ்வளவு மதிப்பெண் கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நான்காம் படி: இடம் உண்டா என்று வாய்விட்டுக் கேட்டல்

இது சிறிய படி, ஆனால் பலரும் தாண்டிப்போகும் படி. அடுத்த ஜூனில் எல்.கே.ஜி. சேர வேண்டிய பிள்ளைக்குத் தனியார் பள்ளிகள் பல முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே விண்ணப்பம் கொடுத்துவிடுகின்றன. பிள்ளை ஏற்கெனவே மூன்றாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ இருந்தால் நிலைமை இன்னும் இறுக்கம். யாராவது விலகிப் போனால்தான் இடம் காலியாகும். சி.பி.எஸ்.இ. ஒரு பிரிவுக்கு 40 மாணவர் என்பதைப் பொது வரம்பாக வைத்திருப்பதால் 'ஒரு நாற்காலி சேர்த்துப் போடுங்கள்' என்ற வேண்டுகோளும் எளிதில் செல்லாது. இரண்டு பிள்ளைகள் உள்ளவர்கள் இருவருக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். மூத்தவனுக்கு ஒரு பள்ளியும் இளையவளுக்கு இன்னொரு பள்ளியும் அமைந்தால், காலையில் வீட்டில் இரண்டு வண்டி நேரங்கள் ஓடும்.

ஐந்தாம் படி: தெருமுனையில் ஒரு காலை

வரைபடச் செயலியில் தூரம் பார்ப்பது எல்லோரும் செய்வது. அதில் வரும் 3 கிலோமீட்டர், காலை எட்டு மணிக்கு 10 நிமிடமாகவும் இருக்கலாம், 35 நிமிடமாகவும் இருக்கலாம். தாம்பரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரைத் தண்டவாளமும் ஜி.எஸ்.டி. சாலையும் கிழக்கு, மேற்கு என்று இரண்டாக வெட்டிப் போட்டிருக்கின்றன. முடிச்சூர்ப் பக்கம் வீடு, சேலையூர்ப் பக்கம் பள்ளி என்றால் இரண்டையும் தினமும் இரண்டு முறை கடக்க வேண்டும். அதே தூரத்தில் ஒரே பக்கத்தில் இருக்கும் பள்ளியை அடைவது அரைப் பங்கு வேலை. ஆகவே பள்ளியை மையமாக வைத்து வட்டம் வரையாதீர்கள்; தண்டவாளம், நெடுஞ்சாலை, ஏரி, ரயில்வே கேட் ஆகியவற்றைக் கோடாகப் போட்டு, அந்தக் கோட்டைத் தாண்டாத பகுதியை மட்டும் முதலில் நிறம் தீட்டுங்கள்.

அடுத்து, வாங்க நினைக்கும் வீட்டின் தெருமுனைக்கு ஒரு வேலை நாளில் காலை 6.30 மணிக்குப் போய் நில்லுங்கள். கையில் ஒரு சிறு குறிப்பேடு போதும். நான் மேடவாக்கத்தை அடுத்த ஒரு தெருமுனையில் இப்படி நின்றபோது, எட்டேகால் மணிக்குள் 17 பள்ளி வண்டிகளைக் குறித்தேன். வண்டிகளின் பக்கவாட்டில் எழுதியிருந்த பள்ளிகள் மொத்தம் 11. விளம்பரத் தாள் '5 நிமிடம்' என்று சொன்ன பள்ளியின் வண்டி அதில் ஒன்றுகூட இல்லை. பெட்டிக்கடை ஓரம் சீருடையில் தூங்கி வழிந்துகொண்டிருந்த ஒரு சிறுமியைத் தோளில் சாய்த்தபடி நின்ற பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"எத்தனை மணிக்கு சார் ஸ்கூல்?"

"எட்டரைக்குத் தம்பி. வண்டி ஆறே முக்காலுக்கு வந்துரும். நாங்கதான் முதல் ஸ்டாப்பு. ஊரெல்லாம் சுத்திப் போயி கடைசியில இறக்கி விடுவான்."

பள்ளி அங்கிருந்து ஆறு கிலோமீட்டர்தான். வண்டியின் பாதையில் முதலில் ஏறும் பிள்ளை அதை ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கடக்கிறது. வீட்டின் தூரத்தைவிட, வண்டிப் பாதையில் உங்கள் தெரு எந்த இடத்தில் வருகிறது என்பதே பிள்ளையின் தூக்கத்தைத் தீர்மானிக்கிறது. இதைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டால் 'எல்லாம் பார்த்துக்கொள்வோம்' என்பார்கள். வண்டி ஓட்டுநரையும் உடன் வரும் ஆயாம்மாவையும் கேட்டால் நிறுத்தம் நிறுத்தமாகச் சொல்வார்கள்.

வண்டியையும் ஒரு பார்வை பாருங்கள். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு குழந்தை இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. கோடை விடுமுறையில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் அவற்றை ஆய்வு செய்வதும் வழக்கமானது. ஆனால் புறநகரில் ஓடும் வண்டிகளில் கணிசமானவை பள்ளிக்குச் சொந்தமில்லாத தனியார் வேன்களும் ஆட்டோக்களும். அவற்றை நம்பித்தான் போக வேண்டிய தெரு என்றால் அதைப் பகுதியின் குறையாகவே கணக்கில் வையுங்கள்.

மாலை மூன்றரைக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். பள்ளிக்கு மிக நெருங்கிய தெருவில் வீடு வைத்திருப்பவர்கள் அந்த நேரத்தில் வண்டியை வெளியே எடுக்க முடியாமல் அவதிப்படுவதை அப்போதுதான் காண முடியும். எனக்குத் தெரிந்த ஓர் அம்மையார் பள்ளி வாசலுக்கு எதிர்வீட்டில் இருக்கிறார். பெற்றோர் நிறுத்தும் இருசக்கர வண்டிகளால் தன் வீட்டுக் கேட்டைத் திறக்க முடிவதில்லை என்று பத்தாண்டுகளாகப் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார். அரைக் கிலோமீட்டர் தள்ளியிருப்பது நல்லது.

ஆறாம் படி: ஒற்றைப் பள்ளியா, பள்ளிகளின் கூட்டமா

இதுவரை செய்த வேலையில் இரண்டு மூன்று பகுதிகள் மிஞ்சியிருக்கும். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க என்னிடம் உள்ள அளவுகோல் இதுதான். பெயர்பெற்ற ஒரே பள்ளியின் நிழலில் இருக்கும் வீட்டைவிட, சுமாரான நான்கு பள்ளிகளுக்கு நடுவில் இருக்கும் வீடு மேல். அந்த நான்கில் ஒன்று பிளஸ் டூ வரையுள்ள அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியாக இருந்தால் இன்னும் மேல். பள்ளிகள் மாறும். தாளாளர் மாறுவார், தலைமையாசிரியர் ஓய்வு பெறுவார், நல்ல ஆசிரியர்கள் புதிதாகத் திறந்த பள்ளிக்குக் கூட்டமாகப் போவார்கள், மெட்ரிகுலேசன் பள்ளி சி.பி.எஸ்.இ.க்கு மாறிக் கட்டணத்தை ஏற்றும். பிள்ளையும் மாறும், எல்.கே.ஜி.யில் எது பொருந்தியதோ அது எட்டாம் வகுப்பில் மூச்சு முட்டலாம். மாற்றுப் பள்ளி நடந்து போகும் தூரத்தில் இருந்தால் குடும்பம் கலங்காமல் மாற்றிவிடலாம்.

வீட்டுவசதி வாரியம் உருவாக்கிய பழைய குடியிருப்புகளில் பள்ளிகளுக்கெனத் தனி மனைகள் ஒதுக்கப்பட்டிருந்ததால் இந்த வசதி இயல்பாக அமைந்துவிட்டது. புதிய மனைப்பிரிவுகளில் அது இல்லை. அங்கே 'பள்ளி வளாகம் வரவிருக்கிறது' என்ற வாக்குறுதி இருக்கும். நானும் அப்படி ஒரு வாக்குறுதியை நம்பித்தான் முதல் வீட்டை வாங்கினேன். பள்ளி வரும் என்று காட்டிய இடத்தில் ஒன்பது ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட் நடக்கிறது. அனுமதி பெற்ற வரைபடத்தில் அந்த இடம் என்னவென்று குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சி அமைப்புக்குக் கொடுக்கப்பட்ட நிலம் என்றால் அங்கே பள்ளி வரப்போவதில்லை. பள்ளிக்கென்றே குறித்திருந்தாலும், கட்டப்படும் வரை அது வெறும் மனைதான். விளம்பரத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் பொய்யான தகவல் தந்து விற்ற கட்டுநர் இழப்பீடு தர வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் (ரெரா) 12ஆம் பிரிவு. நான் அந்தத் தாளைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிட்டேன்.

ஏழாம் படி: ஓராண்டு வாடகை

முடியுமானால் தேர்ந்தெடுத்த பகுதியில் ஒரு கல்வியாண்டு வாடகைக்கு இருங்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டு, ஜூன் வெயிலையும் நவம்பர் மழையையும் அந்தத் தெருவில் பார்த்துவிட்டு, பிறகு வாங்குங்கள். முன்பணமும் வீடு மாற்றும் செலவும் வீண் என்று தோன்றும். தவறான பகுதியில் வீடு வாங்கி விற்று மாறுவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது சொற்பம். பழைய வீடோ மனையோ மறுபடி வாங்கினால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று வழிகாட்டி மதிப்பில் 9 விழுக்காடு அரசுக்கே போய்விடும்.

மழையைச் சும்மா சொல்லவில்லை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரிப் பக்கங்களில் தெருக்கள் நாட்கணக்கில் நீரில் நின்றன. பள்ளிக்கு அருகில் என்பதற்காக ஏரியின் தாழ்வுப் பக்கத்தில் வாங்கிவிட்டு ஒவ்வொரு கார்த்திகையிலும் மாடியில் குடியிருக்க வேண்டாம். பக்கத்து வீட்டு மதிலில் பழைய நீர்க்கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அது எந்தத் தரகரும் மறைக்க முடியாத ஆவணம்.

எட்டாம் படி: அருகாமைக்கு என்ன விலை கொடுக்கலாம்

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். பள்ளிக்கு அருகில் ஒரு வீடு 85 லட்சம். அதே அளவு வீடு நான்கு கிலோமீட்டர் தள்ளி 70 லட்சம். கூடுதல் 15 லட்சத்தையும் எட்டரை விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக் கடனாக வாங்கினால், மாதத் தவணை சுமார் 13,000 ரூபாய் கூடும். 20 ஆண்டுகளில் மொத்தம் 31 லட்சத்துக்கு மேல் கட்டுவீர்கள். பள்ளி வண்டிக் கட்டணத்தை இதோடு ஒப்பிட்டால் அருகில் வாங்குவது மடமை என்றே தோன்றும்.

மறுபக்கத்தையும் கணக்கிடுங்கள். ஒரு வேளைக்கு 25 நிமிடம் மிச்சம் என்றால் நாளுக்கு 50 நிமிடம். ஆண்டுக்கு 220 பள்ளி நாட்கள் என்று கொண்டால் 183 மணி நேரம். 14 ஆண்டுகளில் இரண்டாயிரத்து ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல். இரண்டு பிள்ளைகள் என்றால் இரட்டிப்பு. அந்த நேரம் தூக்கமாகவோ விளையாட்டாகவோ திரும்பக் கிடைக்கிறது. என் முடிவு வயதைப் பொறுத்தது. பிள்ளைக்கு மூன்று நான்கு வயதென்றால் கூடுதல் விலையில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். எட்டாம் வகுப்பை எட்டிவிட்டால் கொடுக்க வேண்டாம், இன்னும் நான்கைந்து ஆண்டுகளில் அந்த அருகாமை பயனில்லாமல் போகும், தவணை மட்டும் தொடரும். எப்படியானாலும் தவணையும் பள்ளிக் கட்டணமும் சேர்ந்து வீட்டு வருமானத்தில் பாதியைத் தொட்டால், கட்டணம் ஆண்டுதோறும் ஏறும் என்பதை நினைவில் வைத்து ஒரு படி கீழே இறங்கி வாங்குங்கள்.

ஒன்பதாம் படி: பத்திரமும் பள்ளி நாட்காட்டியும்

வீட்டின் ஆவணங்களைப் பொறுத்தவரை பள்ளிக்காக வாங்குவதால் எந்தச் சலுகையும் இல்லை. 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப்பத்திரம், சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி, புதிய திட்டமானால் ரெரா பதிவு எண் எல்லாம் வழக்கறிஞர் பார்க்க வேண்டும். மனையாக வாங்குபவர்கள், அனுமதி பெறாத மனைப்பிரிவாக இருந்தால், அது 2016 அக்டோபர் 20க்கு முன்னால் பிரிக்கப்பட்டு முறைப்படி வரன்முறை செய்யப்பட்டதா என்பதையும் கேட்க வேண்டும். "அடுத்த வாரம் ஸ்கூல் சேர்க்கை முடியுது, சீக்கிரம் அட்வான்ஸ் போடுங்க" என்று அவசரப்படுத்தும் தரகரிடம், சேர்க்கையில் முகவரிக்கு வாடகை ஒப்பந்தமும் ஆதாரும் போதும் என்று அமைதியாகச் சொல்லலாம்.

முன்பணம் கொடுக்கும் நாளைப் பள்ளியின் சேர்க்கை ரசீது கைக்கு வந்த பிறகு வையுங்கள். கட்டிக்கொண்டிருக்கும் வீடாக இருந்தால், ஒப்படைக்கும் மாதத்தை ஒப்பந்தத்தில் ஏப்ரல் அல்லது மே என்று எழுதி வாங்க முயலுங்கள். நவம்பரில் சாவி கிடைத்தால், அந்தக் கல்வியாண்டு முடியும் வரை பிள்ளை பழைய பள்ளிக்குப் புதிய வீட்டிலிருந்து போய்வர வேண்டியிருக்கும், அல்லது வாடகையும் தவணையும் சேர்ந்து ஆறேழு மாதம் ஓடும். கட்டுநர்கள் சொன்ன மாதத்தில் கொடுப்பது அரிது என்பதால், பழைய வாடகை வீட்டுக்காரரிடம் அடுத்த மே வரை இருப்போம் என்று இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.